கூட்டத்தை விட்டுப் போகிற வயது

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும் ரயில், மதுக்கரையைத் தாண்டியதும் மலையடிவாரக் காட்டுக்குள் நுழைகிறது. சிமென்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் குழிகள், தர்மலிங்கேஸ்வரர் மலை எல்லாம் பின்னால் போய்விடும். எட்டிமடைக்கும் வாளையாருக்கும் நடுவே தண்டவாளம் ‘ஏ லைன்’, ‘பி லைன்’ என்று இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. யானைகள் காலங்காலமாகக் கடந்துவரும் வழியும் அதுதான். 2021 நவம்பர் 26 அன்று இரவு, மங்களூரு–சென்னை ரயில் மோதி இந்தப் பகுதியில் மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் வனத்துறை தண்டவாளத்தை ஒட்டிக் கோபுரங்களை நிறுத்தி, இருட்டிலும் உடல் வெப்பத்தைக் கொண்டு விலங்கைக் காட்டும் கேமராக்களைப் பொருத்தியது. யானை நெருங்கினால் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கண்டுபிடித்துச் சொல்லும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரயில்வேக்குத் தகவல் போகும்.

இந்தக் காட்டில் யானை பார்த்துப் பழகிய வேட்டைத் தடுப்புக் காவலரிடம் கேட்டால், வருவது குடும்பமா ஒத்தையா என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார். குடும்பம் என்றால் பெண் யானைகள் நெருக்கமாக நடக்கும். குட்டிகள் நடுவில் இருக்கும். மூத்த பெண் யானை நின்றால் எல்லாம் நிற்கும். ஒத்தை என்றால் பெரும்பாலும் ஆண். சில சமயம் இரண்டு மூன்று ஆண்கள் சேர்ந்து வரும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. குடும்பம் தண்டவாளத்தைக் கடந்து போய்க் கொஞ்ச நேரம் கழித்து, அதே தடத்தில், அவசரமில்லாமல், வழியில் கிடைத்ததையெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருகிற இளம் கொம்பன். அது கூட்டத்தில் இருக்கிறதா, இல்லையா? இரண்டும்தான். அதன் வயது பத்திலிருந்து பதினைந்துக்குள் இருக்கும். பிறந்த குடும்பத்தை விட்டுப் பிரிகிற வேலையை அது தொடங்கிவிட்டது.

ஊர் எதிர்பார்ப்பை மீறுகிற பிள்ளைகளைப் பற்றிய இந்த அத்தியாயத்தை யானையிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. பெற்றோர் பேச்சை எதிர்க்கிற பிள்ளையைப் பார்த்ததும் ‘வளர்ப்புச் சரியில்லை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். யானைகளைப் பல்லாண்டு காலம் கவனித்தவர்கள், கூட்டத்தை விட்டுப் போகிற கொம்பனைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. அது போகத்தான் வேண்டும். போன பிறகு அதற்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி.

பிரிவு எப்படி நடக்கிறது

யானைக் குடும்பம் தாய்வழிக் குடும்பம். பாட்டி, தாய், சித்தி, பெரியம்மா, அவர்களுடைய பெண்மக்கள் என்று பெண்கள் சாகும்வரை சேர்ந்தே இருப்பார்கள். ஆண் குட்டிக்கு மட்டும் அங்கே நிரந்தர இடமில்லை. நான்கைந்து வயதிலேயே அது தாயிடமிருந்து பெண் குட்டியைவிடத் தள்ளி மேயும். வேறு குடும்பங்கள் பக்கத்தில் வந்தால் அவற்றின் ஆண் குட்டிகளைத் தேடிப் போய் நெற்றியோடு நெற்றி முட்டி விளையாடும். பத்து வயதுக்கு மேல் அந்த முரட்டு விளையாட்டைப் பெரிய பெண் யானைகள் பொறுத்துக்கொள்வதில்லை, துரத்திவிடும். அதுவும் ஒரு நாள் காணாமல் போகும், திரும்ப வரும். பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். கென்யாவின் அம்போசெலி காட்டில் சிந்தியா மாஸ் 1972-இல் தொடங்கிய ஆய்வு, ஒவ்வொரு யானையையும் அடையாளம் வைத்துப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அங்கே ஆண் யானைகள் சராசரியாகப் பதினான்கு வயது வாக்கில் தனியாகின்றன. சில முன்னதாகவே போய்விடும், சில பதினெட்டுவரை இழுத்தடிக்கும்.

துரத்தப்படுகிறதா, தானே போகிறதா என்றால் இரண்டும் கலந்துதான். பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஆணோ பெண்ணோ, யாரோ ஒருவர் பிறந்த இடத்தை விட்டுப் போகிறார்கள். யானையில் ஆண், சிம்பன்சியில் பெண். ஒரே குடும்பத்துக்குள் இனப்பெருக்கம் நடந்தால் குட்டிகள் நலிந்து பிறக்கும் என்பது ஒரு காரணம். ஆண் யானை வாழ்நாளின் பெரும்பகுதி வளர்ந்துகொண்டே இருக்கும், அதற்குத் தீனி அதிகம் வேண்டும், குட்டிகளோடு மெதுவாகப் போகும் குடும்பத்தின் வேகம் அதற்குப் போதாது என்பது இன்னொன்று.

வெளியே போன இளம் ஆண் ஆபத்தான வேலைகளில் இறங்குகிறது. 1980-களின் தொடக்கத்தில் ராமன் சுகுமார், சத்தியமங்கலம்–சாமராஜநகர் காடுகளில் யானைகள் பயிருக்குள் புகுவதை ஆராய்ந்தார். குடும்பக் கூட்டங்களைவிட ஆண் யானைகள் பல மடங்கு அதிகமான இரவுகளில் வயலுக்கு வந்தன. காட்டுப் புல்லைவிடக் கேழ்வரகில் புரதமும் தாது உப்புகளும் அதிகம். மனிதர்கள் பட்டாசும் தீப்பந்தமும் வைத்திருப்பது தெரிந்தும் அவை வந்தன. உடல் பெருத்தால்தான் மற்ற ஆண்களோடு மோதி நிற்க முடியும், இணை கிடைக்கும். ஆகவே பெரிய ஆபத்து, பெரிய ஆதாயம் என்ற கணக்கு ஆணுக்குக் கட்டுபடியாகிறது, குட்டியோடு இருக்கும் பெண்ணுக்குக் கட்டுபடியாகாது என்று 1988-இல் மாதவ் காட்கிலுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவர் விளக்கினார்.

அந்தக் கணக்கு எப்போதும் ஆதாயத்தில் முடிவதில்லை. மதுக்கரை, எட்டிமடைப் பக்கம் தோட்டங்களுக்குள் வந்துபோன இளம் கொம்பன் ஒன்றுக்கு மக்கள் ‘மதுக்கரை மகராஜ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 2016 ஜூனில் கும்கிகளை நிறுத்தி, மயக்க ஊசி போட்டுப் பிடித்து, டாப்ஸ்லிப்பை அடுத்த வரகளியாறு முகாமில் மரக்கூண்டுக்குள் அடைத்தார்கள். சில நாள்களுக்குள் அது இறந்துபோனது.

எதை எதிர்க்கிறார்கள்?

மனிதப் பிள்ளைக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904-இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய நூலில், வளரிளம் பருவம் என்றாலே புயலும் கொந்தளிப்பும்தான் என்று எழுதினார். அந்தப் பிம்பம் இன்றுவரை சினிமாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் சண்டைகளைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தவர்களுக்கு வேறு விஷயம் தெரிந்தது. பிள்ளைகள் எல்லாவற்றையும் எதிர்ப்பதில்லை. பொறுக்கி எடுத்துத்தான் எதிர்க்கிறார்கள்.

ஜூடித் ஸ்மெட்டானா 1981-இல் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் சில கேள்விகள் கேட்டார். பொம்மையை எடுத்த இடத்தில் வைக்காமல் போவது தப்பா? தப்பு. அப்படி ஒரு விதியே இல்லாத பள்ளியாக இருந்தால்? அப்போது பரவாயில்லை. பக்கத்துப் பையனை அடிப்பது தப்பா? தப்பு. அடிக்கக்கூடாது என்ற விதி இல்லாத பள்ளியாக இருந்தால்? அப்போதும் தப்புதான். மூன்று நான்கு வயதிலேயே குழந்தைக்குள் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. அடுத்தவருக்கு வலிக்கும் காரியம் ஒரு பெட்டி. ‘நம்ம ஊர் வழக்கம்’ இன்னொரு பெட்டி. யார் உத்தரவு கொடுத்தாலும் முதல் பெட்டி மாறாது. இரண்டாவது, உத்தரவு போட்டவரின் அதிகாரத்தை நம்பி நிற்கிறது.

வயது ஏற ஏற மூன்றாவதாக ஒன்று பெரிதாகிறது. அது ‘என் விஷயம்’. தலைமுடி, சட்டை, யாரோடு பேசுவது, எந்நேரம் தூங்குவது. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் திருடலாமா, குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா என்று கேட்டால், அதைத் தடுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்றே பெரும்பாலும் சொல்வார்கள். முடி வெட்டுவதைப் பற்றிக் கேட்டால்தான் சண்டை. ஸ்மெட்டானா தன் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான். பெரியவர்களுக்குக் கட்டுப்படும் பண்பாடு என்று பெயரெடுத்த ஹாங்காங் குடும்பங்களிலும் சண்டைகள் இதே மாதிரிச் சில்லறை விஷயங்களைச் சுற்றியே இருந்தன. பெற்றோர் ‘வழக்கம்’ என்ற பெட்டியில் வைத்திருப்பதைப் பிள்ளை ‘என் விஷயம்’ என்ற பெட்டிக்கு மாற்றிவிடுகிறது. “சொன்ன பேச்சே கேக்கறதில்லீங்க” என்று நம் ஊர் அம்மாக்கள் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த இடமாற்றம்தான்.

சில சமயம் பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஊர் ‘வழக்கம்’ என்று சொல்வதை எடுத்து, ‘அடுத்தவருக்கு வலிக்கும் காரியம்’ என்ற பெட்டியில் போடுகிறது. அப்போது அது வெறும் அடம் இல்லை.

1880-களின் ஈரோட்டில் ஈ.வெ. ராமசாமி என்ற பையன் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். வசதியான வணிகக் குடும்பம், ஆசாரமான வீடு. பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருந்த வேறு சாதியார் வீடுகளில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது, தாகமெடுத்தால் வாத்தியார் வீட்டில் மட்டும் கேள் என்று சொல்லி அனுப்பினார்கள். வாத்தியார் வீட்டிலோ பாத்திரத்தைத் தரையில் வைப்பார்கள். இவன் எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டு வைக்க வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுத்துப் போவார்கள். தன்னைத் தாழ்த்துவது எப்படியிருக்கும் என்பது அந்தச் செம்பு வழியாகவே பையனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் போகக்கூடாத வீடுகளுக்குப் போனான், குடித்தான், கொடுத்ததைச் சாப்பிட்டான். வீட்டுக்குத் தெரிந்ததும் பள்ளி நின்றது, காலில் விலங்கு பூட்டினார்கள். விலங்கைத் தூக்கிக்கொண்டே நடந்து, அதே தோழர்களைப் பார்க்கப் போனான் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பத்து வயதை ஒட்டிப் படிப்பு முடிந்து அப்பாவின் கடைக்கு வந்தான். பெரியாராக அவர் பிற்காலத்தில் சாதியைப் பற்றி வைத்த வாதத்தின் கரு அந்தத் தண்ணீர்ச் செம்பில் இருக்கிறது. ஏன் தொடக்கூடாது என்று கேட்டால், வழக்கம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. வழக்கமோ இன்னொருவரை வலிக்க வைக்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது

இந்த எதிர்ப்பு பதின்மூன்று வயதுவாக்கில் ஏன் சூடுபிடிக்கிறது என்பதற்கு மூளை ஆய்வுகள் சில துப்புகள் தருகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் ஆப்ரம்ஸ் குழு, பிள்ளைகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, அர்த்தமில்லாத சொற்களை அவர்களின் அம்மா குரலிலும் அறிமுகமில்லாத பெண்களின் குரலிலும் கேட்க வைத்தது. பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளின் மூளையில், மகிழ்ச்சியையும் முக்கியத்துவத்தையும் அளக்கும் பகுதிகள் அம்மாவின் குரலுக்கு அதிகம் கிளர்ந்தன. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அது தலைகீழானது. புதுக்குரலுக்குத்தான் அதிகக் கிளர்ச்சி. அம்மா குரல் கேட்காமல் போவதில்லை. வெளியிலிருந்து வருவதற்கு மூளை கூடுதல் மதிப்பெண் போடத் தொடங்குகிறது. 2022-இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்த தாய்மார்களுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும், வருத்தமாகவும் இருந்திருக்கும்.

வெளி உலகத்தில் அந்த வயதுக்கு முதலில் கிடைப்பவர்கள் சக வயதினர். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் புள்ளிகள் கூடும். சிவப்பு விழுந்து மோதினால் எல்லாம் போச்சு. தனியாக விளையாடியபோது பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் பதின்வயதினர் எடுத்த ஆபத்து வெகுவாக ஏறியது. இருபத்துநான்கு வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பின்னாளில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்த நிமிடமே வெகுமதிக்கான மூளைப் பகுதிகள் கூடுதலாகத் துடிப்பது தெரிந்தது. நிதானிக்கச் சொல்லும் முன்மூளையோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

இதைக் கேட்டதும், அப்படியானால் பிள்ளையை நண்பர்களிடமிருந்து பிரித்து வீட்டுக்குள் வைப்பதுதான் வழி என்று தோன்றலாம். அடுத்து வரும் இரண்டு ஆய்வுகள், ஒன்று யானையில், ஒன்று மனிதரில், வேறு பதில் சொல்கின்றன.

வெளியே பெரியவர் இல்லாத காடு

தென்னாப்பிரிக்காவின் குரூகர் காட்டில் யானைகள் பெருகிவிட்டன என்று பெரிய யானைகளைச் சுட்டுக் குறைத்த காலம் ஒன்று இருந்தது. தப்பிய குட்டிகளில் சிலவற்றை 1980-களில் பிலானஸ்பர்க் என்ற காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வளர்ந்த ஆண் யானைகளே இல்லை. குட்டிகள் உயிர் பிழைத்தன, வளர்ந்தன. 1992-க்கும் 1997-க்கும் நடுவே அந்தக் காட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தன. கொன்றவை அந்த அனாதை இளம் ஆண்கள். அவற்றுக்கு மதம் வழக்கத்தைவிடப் பல வருடம் முன்னதாகவே பிடித்தது. பிடித்த மதம் மாதக்கணக்கில் இறங்கவில்லை.

1998-இல் குரூகரிலிருந்து ஆறு பெரிய கொம்பன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சண்டைப் பயிற்சியோ தண்டனையோ இல்லை. பெரிய ஆண் எதிரில் வந்து நின்றால் இளையதின் மதம் தானாக அடங்கிவிடும்; மதத்தோடு மோதி அடி வாங்குவதைவிட அடங்குவது லாபம் என்பதை அதன் உடலே அறியும். மதக்காலம் சுருங்கியது, காண்டாமிருகக் கொலைகள் நின்றன. ராப் ஸ்லோட்டோவும் சக ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார்கள். பிறகு பாட்ஸ்வானாவில் கானி ஆலனின் குழு, ஆற்றுக்குப் போகும் ஆண் யானைத் தடங்களைக் கவனித்தது. இளம் ஆண்கள் தனியே போவது அரிது. குழுவாகப் போகும்போது முன்னால் நடப்பவை முதிய ஆண்கள். முதியவை குறைவாக இருந்த நேரங்களில் ஆண் யானைகள் வாகனங்களிடமும் மற்ற விலங்குகளிடமும் அதிக ஆக்ரோஷம் காட்டின என்று அதே குழு 2021-இல் எழுதியது.

இங்கே கவனிக்க வேண்டியது, குரூகர் கொம்பன்கள் இளையவற்றைத் தாயிடம் திருப்பி அனுப்பவில்லை. குடும்பத்துக்கு வெளியே, பிரிந்து போனவை போய்ச் சேருகிற இடத்தில், அவை நின்றன.

மனிதரில் இதற்கு இணையான சோதனையைக் கரோல் சில்வா, ஜேசன் செயின், ஸ்டைன்பெர்க் மூவரும் 2016-இல் வெளியிட்டார்கள். பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதுவரையான இளைஞர்களை நான்கு நான்கு பேராக உட்காரவைத்து, ஆபத்தான முடிவுகள் எடுக்கும் விளையாட்டுகளைக் கொடுத்தார்கள். எதிர்பார்த்தபடி, கூட்டமாக இருந்தபோது தனியாக இருந்ததைவிட அதிக ஆபத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னும் சில குழுக்களில் ஒருவரை எடுத்துவிட்டு, இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குள் வயதுள்ள ஒருவரைச் சேர்த்தார்கள். முடிவுகள் நிதானமாயின; தனியாக இருக்கும்போது எடுத்த அளவுக்கு வந்துவிட்டன. அப்பா வயதுக்காரர் வேண்டியதில்லை, அண்ணன் வயதுக்காரர் ஒருவர் போதும்.

யானையின் மதமும் இளைஞனின் முடிவும் ஒரே இயந்திரம் என்று நான் சொல்லவில்லை. யானைகள் நம்மிடமிருந்து பரிணாமத்தில் வெகுதூரம் பிரிந்தவை. பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேற வேண்டிய கட்டாயம் இரண்டு இனத்துக்கும் உண்டு. அந்த வெளியேற்றத்தைத் தாங்கிப் பிடிக்க வெளியே முதிர்ந்தவர்கள் வேண்டும் என்ற விடையும் இரண்டு இடத்திலும் கிடைத்திருக்கிறது.

கலங்கல் பையன்

கோவையை ஒட்டிய கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிக்கூடத்தை வெறுத்தவர். வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடியவர் என்று கோவைக்காரர்கள் அவரைப் பற்றிச் சொல்வார்கள். இளைஞனாக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதை வாங்குவதற்காகவே கோவைக்கு வந்து ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து பணம் சேர்த்தார். விவசாயக் குடும்பத்துப் பையன் அடுத்தவர் எச்சில் இலையைப் பார்க்கும் வேலைக்குப் போவதை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி கைக்கு வந்ததும் ஓட்டுவதோடு நிற்கவில்லை. கழற்றிப் பிரித்துப் போட்டு, மறுபடியும் பூட்டினார். படிப்பு அங்கேதான் தொடங்கியது.

பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்தார், இழந்தார். அந்த நேரத்தில் அவருக்குக் கிடைத்த ஆள், 1862-இல் கோவையில் பள்ளியும் 1888-இல் நூற்பாலையும் தொடங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ். அந்த முதியவரின் உதவியால் 1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குத் தானே ஓட்டினார். அதுதான் பிறகு யு.எம்.எஸ் நிறுவனமாகப் பெருகியது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் தயாரித்தார். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். அங்கேயும் அவர் அடங்கவில்லை. வருடக்கணக்கில் இழுக்கும் பாடத்திட்டம் வீண், குறைந்த காலத்தில் கையால் கற்றுக்கொடுக்கலாம் என்று வாதாடி, கருத்து ஒவ்வாமல் விலகினார்.

இந்தக் கதையை மேடையில் சொல்கிறவர்கள், ‘பள்ளியை விட்டு ஓடியவர் விஞ்ஞானி ஆனார், பாருங்கள்’ என்று முடிப்பார்கள். அறிவியல் அங்கே கையைப் பிடித்து நிறுத்தும். ஓடியவர்களில் ஜெயித்தவரை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பாகும். அதே தலைமுறையில் பள்ளியை விட்டு ஓடி, மில்லிலும் மண்டியிலும் கூலிகளாகக் காணாமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஓடியதால் நாயுடு ஆளாகவில்லை. ஓடிப் போன இடத்தில் சம்பளம் தந்த ஓட்டல் இருந்தது, பிரித்துப் பார்க்க இயந்திரம் இருந்தது, பஸ் வாங்கக் கைகொடுத்த முதியவர் இருந்தார். கோவையின் லேத் பட்டறைகளில் இன்றும் படிப்பு ஏறாத பையன்களை ஒரு மேஸ்திரி ஆளாக்கிவிடுவது இதே வழியில்தான்.

போகிற உரிமை யாருக்கு?

யானையில் யார் பிரிய வேண்டும் என்பதை உயிரியல் தீர்மானித்துவிட்டது. மனிதருக்கு அப்படி இல்லை. கிம் ஹில்லும் சக ஆய்வாளர்களும் 32 வேட்டை–சேகரிப்புச் சமூகங்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2011-இல் வெளியிட்டார்கள். ஆண் பிரிவதும் உண்டு, பெண் பிரிவதும் உண்டு. சகோதர சகோதரிகள் வளர்ந்த பிறகும் ஒரே குழுவில் இருப்பதும் உண்டு. யார் போகலாம், எப்போது, யாரோடு என்பதை ஒவ்வொரு சமூகமும் தானே எழுதிக்கொள்கிறது.

கொங்கு நாடு எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால், பையன் போவது சாகசம். பெண் போவது கல்யாணம். அதையும் தீர்மானிப்பது வேறு யாரோ. திருப்பூர், கோவை வட்டார நூற்பாலைகளுக்குச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பதின்வயதுப் பெண்கள் மூன்று வருட ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டார்கள். ஊரை விட்டுப் போனார்கள், சம்பாதித்தார்கள். ஆனால் விடுதிக்கும் ஆலைக்கும் வெளியே கால் வைக்க முடியவில்லை, மொத்தப் பணமும் கடைசியில் கல்யாணத்துக்கு. வீட்டை விட்டுப் போகும் வயதில் போனாலும், அது தன் இஷ்டப்படி போனது ஆகாது.

தானே முடிவெடுத்துப் போன பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதை 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பார்த்தது. சாதி தாண்டிக் கல்யாணம் செய்த இளம் தம்பதியைப் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே வெட்டினார்கள். கணவன் செத்தான், மனைவி பிழைத்தாள். எந்தக் குரல் மூளையில் எவ்வளவு மதிப்பெண் வாங்குகிறது என்ற ஆய்வெல்லாம், வெளியே போனால் உயிரோடு இருக்கலாம் என்ற உத்தரவாதம் உள்ள இடத்தில்தான் பொருந்தும்.

யார் முந்திக்கொள்கிறார்கள்

வெளியே பெரியவர் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நிஷாந்த் ஸ்ரீனிவாசையா, சுகுமார், அனிந்த்ய சின்ஹா முதலியோர் தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளைப் படம் எடுத்து அடையாளம் கண்டு, 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காட்டுக்குள் தனித்துத் திரிகிற ஆண் யானைகள், வயலும் ஊரும் நெருங்கிய பகுதிகளில் நிரந்தரக் குழுக்களாகச் சேர்கின்றன; அதிலும் இன்னும் இனப்பெருக்கத்துக்கு வராத இளையவை அதிகம். பயிர் மேய்ந்து அவற்றின் உடல் நன்றாகவே இருக்கிறது. அந்தக் குழுவில் இளையது கற்றுக்கொள்வது, மின்வேலியை எங்கே தாண்டுவது, பட்டாசுச் சத்தத்துக்கு எவ்வளவு தூரம் ஒதுங்கினால் போதும் என்பதையும்தான். இன்னொரு பக்கம், தந்தத்துக்காக 1970-களிலிருந்து சத்தியமங்கலம் மலைகளிலும் பெரியாறு காட்டிலும் கொம்பன்கள் கொன்று தீர்க்கப்பட்டன. பெரியாறில் 1980-களின் இறுதியில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு வளர்ந்த பெண் நூற்றுக்கும் மேல் என்ற நிலை வந்தது. காட்டு வழி தெரிந்த முதியவை குறைந்தால், வயல் வழி தெரிந்தவைதான் வாத்தியார் ஆகும்.

மனிதரிலும் அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே கிடப்பதில்லை. அப்பாவை எதிர்த்து வீட்டை விட்டு வெளியே வருகிற பதினேழு வயதுப் பையனை, சாதிக் கொடி ஒட்டிய பைக்கில் ஏற்றிக்கொள்ள ஆள் தயாராக இருக்கிறது. அவனுக்கு அங்கே மரியாதை உண்டு, பேனரில் படம் உண்டு, ‘தம்பி’ என்று தோளில் கைபோடும் இருபத்தெட்டு வயது அண்ணன் உண்டு. சில்வாவின் சோதனையில் நிதானத்தைக் கொண்டுவந்த அதே வயது, அதே இடம். வீட்டில் எதிர்த்துப் பேசிய பையன், அங்கே எதிர்ப் பேச்சுப் பேசாமல் சொன்னதைச் செய்வான்.

ஆகவே ‘அடங்க மாட்டேங்கறான், என்ன பண்றதுங்க’ என்று கேட்கும் பெற்றோருக்கு அறிவியலிடம் அடக்கும் மருந்து கிடையாது. முடிவெட்டு, சட்டை, தூக்கம் போன்றவற்றைப் பிள்ளையின் பெட்டிக்கே விட்டுவிடலாம். அடுத்தவருக்கு வலிக்கும் விஷயத்தில் மட்டும் உறுதியாக நிற்கலாம். அதற்குப் பிறகு பிள்ளைக்கு உதவப்போவது நாம் அல்ல, நமக்கும் பிள்ளைக்கும் இடைப்பட்ட வயதில் இருக்கும் யாரோ ஒருவர். கபடிக் குழுவின் சீனியர், பட்டறை மேஸ்திரி, நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தரும் அக்கா, காலேஜில் படிக்கும் மாமன் மகள். அப்படி நான்கு பேரைப் பத்து வயதிலிருந்தே பிள்ளைக்குப் பழக்கிவைத்த வீடு, பதினைந்து வயதில் கதவைப் பூட்ட வேண்டியிருக்காது. பழக்கிவைக்காத வீட்டுப் பிள்ளைக்கும் நான்கு பேர் கிடைப்பார்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பது வேறு யாராகவோ இருக்கும்.